அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தால் கைவிட்டதாகுமா?

காவிரி டெல்டாவின் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 38. அவருடைய அம்மாவுக்கு 62. இரண்டு வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். ஒரு வருடம் நன்றாக இருந்தார். இப்போது நோய் இடுப்புக்குள் திரும்ப வந்து, ஒரு பக்கத்துச் சிறுநீர்க் குழாயையும் அடைத்திருக்கிறது. “இனிமே செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்குங்க” என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

துபாயில் வேலை செய்யும் அண்ணன், “பணம் நான் அனுப்பறேன், திருச்சியில பெரிய ஆஸ்பத்திரியில ஐசியூவுல சேரு” என்கிறார். சித்தப்பா, “அவங்களுக்கு எதுவும் தெரியக் கூடாது, தெரிஞ்சா அன்னிக்கே உயிர் போயிடும்” என்கிறார். அம்மா முதலில் “வீட்டுக்குப் போயிடலாம்” என்றார். வீட்டுக்கு வந்த பிறகு இரவெல்லாம் வலியில் முனகியவர், போன வாரம் “ஆஸ்பத்திரியே பரவாயில்ல” என்கிறார். பேரப்பிள்ளைகளைக் கிட்டவே விடுவதில்லை. உள்ளூர் டாக்டர் தினமும் டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போடுகிறார். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் பற்றி மருந்துக்கடையில் கேட்டதற்கு, “அது கொடுத்தா அதோட முடிஞ்சிடும்” என்று பதில் வந்திருக்கிறது. அம்மாவை வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியா, மார்ஃபின் கொடுக்கலாமா, வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறதா, வீட்டில் உயிர் பிரிந்தால் போலீஸ் வருமா, அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் அல்ல. அம்மா எங்கே இருப்பது என்பதை முதலில் வைத்திருக்கிறீர்கள். நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். அம்மா முதலில் வீடு என்றார், அப்புறம் ஆஸ்பத்திரி என்றார். மனம் மாறிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நடுவில் நடந்தது அந்த இரவுகள். வலியில் கிடக்கிற ஒருவரிடம் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டால், எங்கே போனால் வலி குறையும் என்று தோன்றுகிறதோ அந்த இடத்தைத்தான் சொல்வார். அதை அவருடைய விருப்பமாக இப்போதே எழுதி வைத்துவிடாதீர்கள். வலி அடங்கிய பிறகு இன்னொரு முறை கேளுங்கள்.

“செய்ய ஒண்ணுமில்ல” என்று உங்களிடம் சொல்லப்பட்டது சரியான வார்த்தை அல்ல. கட்டியைக் கரைக்க இனி மருந்து இல்லை என்பதுதான் அதன் உண்மையான பொருள். வலி, வாந்தி, மலச்சிக்கல், ரத்தப்போக்கு, துர்நாற்றம், தூக்கமின்மை, பயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்று தமிழிலும், பேலியேட்டிவ் கேர் என்று டாக்டர்கள் மத்தியிலும் சொல்லப்படுவது இதுதான். கடைசி வாரத்தில் மட்டும் தருகிற சிகிச்சையும் இல்லை இது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பரவிய நிலையிலிருந்த நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2010-இல் அதன் முடிவு வெளியானது. நோய் தெரிந்த உடனேயே இந்த ஆதரவு சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், இரண்டு மாதங்களுக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டியது அது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. மீதிப் பேரின் வீடுகளில் நடப்பதுதான் உங்கள் வீட்டிலும் இரவில் நடக்கிறது. நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்பதால் வந்ததல்ல இது.

முதலில் அந்த வலி

தினமும் போடும் டைக்ளோஃபினாக் ஊசியைப் பற்றி நாளைக்கே டாக்டரிடம் பேசுங்கள். ஏற்கெனவே ஒரு பக்கச் சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கிறது. அந்த மருந்து சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கக் கூடியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிவு தெரியும் எளிய பரிசோதனைதான். அடுத்து எந்த வலி மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இந்த அளவு வலிக்கு உரிய மருந்து மார்ஃபின். வாயால் சாப்பிடும் மாத்திரையே போதும். கடுமையான புற்றுநோய் வலிக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியது. சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வந்த பிறகு கொடுப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, வலி தலைதூக்கும் முன்பே கொடுக்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, வலி அடங்கும் வரை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். முதல் சில நாள்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். குறையாதது மலச்சிக்கல். மார்ஃபின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

“கொடுத்தா முடிஞ்சிடும்” என்ற பேச்சு எப்படி வந்தது தெரியுமா? நம் ஊரில் பலருக்கு மார்ஃபின் கடைசி இரண்டு நாள்களில்தான் கைக்கு வருகிறது. கொடுத்தார்கள், இறந்துவிட்டார் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். வலிக்கு ஏற்றபடி அளவு பார்த்துக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. போதைக்கு அடிமையாவதைப் பற்றிய பயமும் புற்றுநோய் வலியில் இருக்கும் உங்கள் அம்மா விஷயத்தில் வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மார்ஃபின் உடம்பில் தேங்கும். எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே டாக்டரை அழையுங்கள். கிரியேட்டினின் அதிகமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள், இடைவெளியைக் கூட்டுவார்கள், அல்லது தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைக்கு மாற்றுவார்கள்.

மருந்துக்கடையில் கிடைக்காததற்குக் காரணம் சட்டம். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் உரிம நடைமுறை அவ்வளவு சிக்கலாக இருந்ததால் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எளிதாக வாங்கி வைக்க வழி வந்தது. ஆகவே கடை கடையாக அலையாதீர்கள். அம்மாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்த அதே மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் பழைய கோப்புகளோடு போய், “மார்ஃபின் இங்கே தருகிறீர்களா, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே?” என்று நேராகக் கேளுங்கள். டாக்டர் சீட்டோடு வாங்கிய மாத்திரை வீட்டில் இருப்பது குற்றமில்லை. சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. அம்மா பேரப்பிள்ளைகளைக் கிட்ட விடாததை, “மனசு விட்டுப் போச்சு போல” என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இருக்கும் நோயை வைத்துப் பார்த்தால், துர்நாற்றமுள்ள வெள்ளைப்போக்கோ ரத்தக் கசிவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் கூச்சத்தில் ஒதுங்கியிருக்கலாம். ‘ஆஸ்பத்திரியே பரவாயில்ல’ என்றதிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். மருமகள், மாப்பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பெண் இதை வாய் திறந்து சொல்வது கஷ்டம். நீங்கள் தனியாக இருக்கும்போது கேளுங்கள். மெட்ரோனிடசோல் என்ற சாதாரண மாத்திரையே இந்த நாற்றத்தை நன்றாகக் குறைக்கும். உள்ளுக்குக் கொடுப்பதா, பொடித்து அந்த இடத்தில் வைப்பதா என்று டாக்டரோ நர்ஸோ சொல்லித் தருவார்கள். நாற்றம் அடங்கியதும் பேத்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்ட பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீடா, ஐசியூவா

சரி, இப்போது இடத்துக்கு வருவோம். அண்ணன் ஐசியூ என்று சொல்வதில் இருப்பது பாசம்தான். தூரத்தில் இருக்கிறவருக்குப் பணம் அனுப்புவது ஒன்றுதான் கையில் இருக்கிறது. ஆனால் ஐசியூ என்பது, மீண்டு வரக்கூடிய ஒருவரை ஆபத்துக் கட்டம் தாண்டும் வரை இயந்திரங்களால் தாங்கிப் பிடிக்கிற இடம். அம்மாவின் நோய் அதைத் தாண்டிவிட்டது. அங்கே சேர்த்தால் தொண்டையில் குழாய், கட்டி வைத்த கைகள், பார்வை நேரத்தில் மட்டும் ஒருவர் என்ற நிலைமையில்தான் முடியும். அப்புறம் பணம் தீர்ந்து, ‘சொந்தப் பொறுப்பில்’ என்று கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே வந்து வீட்டு வாசலில் குழாயை எடுப்பதை நம் மாவட்டங்களில் வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். உயிர் வீட்டில் போக வேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே இருந்தால், அம்மா பேசிக்கொண்டும் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொண்டும் இருக்கும்போது வீட்டுக்கு வருவதுதான் நியாயம்.

ஆஸ்பத்திரியில் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் கிடைக்குமே என்று அண்ணன் கேட்பார். ஜப்பானில் 2,000-க்கும் மேற்பட்ட முற்றிய புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. முறையான ஆதரவு சிகிச்சையோடு வீட்டில் இறந்தவர்களின் ஆயுள், மருத்துவமனையில் இறந்தவர்களைவிடக் குறையவில்லை. சில பிரிவினரில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இதை அப்படியே அண்ணனுக்கு அனுப்புங்கள். ஆனால் ‘முறையான சிகிச்சையோடு’ என்ற பகுதியையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கே டாக்டரும் நர்ஸும் வீடு தேடி வந்தார்கள். அது இல்லாமல் ஒருவரை வீட்டில் படுக்க வைத்தால், ஆஸ்பத்திரியைவிட வீடு கொடுமையான இடமாகிவிடும். உங்கள் அம்மா போன வாரம் அனுபவித்தது அதைத்தான்.

அதனால் நான் இப்படிச் சொல்வேன். முதலில் சில நாள்கள் அரசு மருத்துவமனையில், சாதாரண வார்டில் சேர்த்து வலியை அடக்குங்கள். மருந்தின் அளவு நிலைபெற்றதும் வீட்டுக்கு வாருங்கள். வருவதற்கு முன் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் ஒரு பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்து, நர்ஸ் எப்போது வருவார் என்று கேளுங்கள். தகவலுக்கு 104-ஐ அழைக்கலாம். எல்லா ஒன்றியத்திலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. முதல் முறை சரியான பதில் வராவிட்டால் இரண்டாம் முறையும் போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சிலர் தொடங்கிய வேலை ஊர் ஊராகப் பரவி, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. அக்கம்பக்கத்து மக்கள் கேட்டதும் கைகொடுத்ததும்தான் அதன் பலம்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. வீட்டில் ஆள் பலம் இல்லை, ஐசியூவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஹாஸ்பிஸ் என்னும் அந்திமப் பராமரிப்பு இல்லங்கள் உண்டு. சென்னை மணலி அருகே மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா புற்றுநோயாளிகளுக்காகவே நடப்பது, கட்டணம் வாங்குவதில்லை. உங்களுக்கு அது தூரம்தான். ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டு, இரவும் விழித்து, நீங்களே படுத்துவிடும் நிலை வந்தால் இப்படிப்பட்ட இல்லத்தில் விடுவதும் கைவிடுவது ஆகாது.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை சில. டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிய வாந்தி மருந்தும் பதற்றத்துக்கான மருந்தும், காற்றுப் படுக்கை, புரட்டிப் படுக்க வைக்கப் பழைய பருத்திப் புடவைகள். இந்த நோயில் திடீரென்று ரத்தப்போக்கு வரலாம். அடர்நிறத் துண்டுகள் சில கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் அம்மாவும் பயப்படுவார், நீங்களும் பயப்படுவீர்கள். மாத்திரை விழுங்க முடியாமல் போகும் கட்டத்தில் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து மருந்து கொடுக்கலாம். நர்ஸ் ஒரு முறை காட்டினால் நீங்களே செய்துவிடுவீர்கள்.

சாப்பாடு குறைவதைப் பார்த்து, “டிரிப்ஸாவது ஏத்தலாமே” என்று உறவினர்கள் கேட்பார்கள். கடைசி நாள்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை. சாப்பிடாததால் நோய் முற்றுவதில்லை, நோய் முற்றியதால்தான் பசி போகிறது. ஏற்றுகிற தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தங்கி மூச்சைத்தான் சிரமப்படுத்தும். உதட்டை நனைத்துக் கொடுங்கள், கேட்டால் ஒரு வாய் காபி கொடுங்கள். கடைசியில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். பார்க்கிற உங்களுக்குத்தான் அது பயம். ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். சத்தத்தைக் குறைக்க மருந்தும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

கௌரவமாக இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. சுயநினைவோடு, புரிந்து முடிவெடுக்கக் கூடிய ஒருவர் எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்லலாம். அந்த உரிமை உங்கள் அம்மாவுடையது. உங்களுடையதும் இல்லை, அண்ணனுடையதும் இல்லை.

அவர் விரும்பினால் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்ததை 2023 ஜனவரியில் நீதிமன்றமே எளிதாக்கியது. தன் சார்பில் முடிவெடுக்க யார் யார் என்றும் அதில் பெயர் சொல்லலாம். அப்படி எதுவும் எழுதாமல், வென்டிலேட்டரில் போட்ட பிறகு எடுக்க வேண்டுமென்றால், மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தின் சம்மதமும் வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். சேர்த்துவிட்டு எடுப்பதற்குத்தான் இத்தனை படிகள். தெளிவோடு இருக்கும் அம்மாவே ஐசியூ வேண்டாம் என்று சொல்லி வீட்டில் இருப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இது கருணைக்கொலையும் இல்லை.

நோயால் வீட்டில் நடக்கும் மரணத்துக்குப் போலீஸோ பிரேதப் பரிசோதனையோ கிடையாது. கடைசியாகப் பார்த்துவந்த டாக்டர் இறப்புக் காரணச் சான்று தர வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 21 நாள்களுக்குள் பதிவு செய்யுங்கள். கிராம ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரம் என்றால் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில். அம்மாவைத் தொடர்ந்து பார்க்கும் உள்ளூர் டாக்டர் ஒருவர் இருப்பது இதற்காகவும் அவசியம். அவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்வதா

சித்தப்பாவின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணியைக் காப்பாற்றத்தான் நினைக்கிறார். ஆனால் கதிர்வீச்சுப் பிரிவில் வாரக்கணக்கில் உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தனக்கு என்ன நோய் என்று தெரியாமலா இருக்கும்? நீங்கள் மறைக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம், உங்களுக்காக அவரும் மறைக்கலாம். அப்போது நகையை யாருக்குக் கொடுப்பது, யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கோயில் பிரசாதம் வேண்டும் என்று கேட்க அவருக்கு ஆளே இல்லாமல் போகிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். வலி அடங்கிய ஒரு மாலையில், பக்கத்தில் உட்கார்ந்து, “டாக்டர் சொன்னதுல உனக்கு என்னம்மா புரிஞ்சுது? ஏதாவது கேக்கணும்னு இருக்கா?” என்று தொடங்குங்கள். “தெரிஞ்சு என்ன ஆகப் போகுது” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமை. “எவ்வளவு நாள்டி?” என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். “நோய் கூடிட்டேதான்மா இருக்கு. வலி இல்லாம பாத்துக்க டாக்டர் இருக்காங்க, நான் எங்கயும் போக மாட்டேன்” என்பது போதும். எங்கே இருக்க ஆசை என்ற கேள்வி அதற்குப் பிறகு. இன்று ஒன்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து வேறொன்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடக்க முடியாத வலி, நிற்காத ரத்தம், நிற்காத வாந்தி என்று வந்தால் மறுபடி வார்டுக்குப் போகலாம். வீடு என்று முடிவெடுத்ததால் அந்தக் கதவு மூடிவிடாது.

அண்ணனிடம் நீங்கள் தனியாக வாதாட வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது வீடியோ காலில் அவரையும் சித்தப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வார்த்தையை எல்லோரும் ஒரே வாயிலிருந்து கேட்கட்டும். ஐசியூவில் ஒரு நாளைக்கே பல ஆயிரம் ஆகும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இருந்தால் இரவுக்கு ஓர் உதவியாளரை வைக்கலாம், காற்றுப் படுக்கை வாங்கலாம், நீங்கள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அதை ஈடுகட்டலாம். அவர் உதவி வேண்டியதுதான், இந்த வகையில் வேண்டும் என்று சொல்லுங்கள். விடுப்பையும் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். காரியத்துக்கு வருவதற்காக அவர் சேர்த்து வைத்திருக்கும் லீவை அம்மா பேசும் நிலையில் இருக்கும் இந்த மாதமே எடுத்து வரட்டும்.